ஜெயித்தே வளர்ந்தவன்

“போச்சு மாப்பிள்ளை, மறுபடியும் தோத்துட்டேன்!” மாமியார் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தார். “கடைசி நேரத்துல விரல் வழுக்கிடுச்சு.”

முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்த கையையே திணறடிக்கிறதே என்று மருமகனுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலையை உதறிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து அவன் உருவாக்கிய கம்ப்யூட்டர் ஆட்டக்காரன் அது. பீரங்கி வண்டிச் சண்டை விளையாட்டில் மனிதர்களை எதிர்த்துத் தானே ஆடும்.

“இவ்ளோ கெட்டிக்காரத்தனத்தை எப்படி சொல்லிக் குடுத்தீங்க?”

“எனக்குத் தெரிஞ்சாத்தானே அத்தை சொல்லிக் குடுக்க! இந்த மாதிரி ஆட்டக்காரங்களைப் பத்துப் பத்துப் பேரா உங்களோட மோத விடுறேன். தோக்கிறவனை அழிச்சிடுவேன். ஜெயிக்கிறவங்க குணத்தைக் கலந்து அடுத்த தலைமுறை பொறக்கும். எதிராளிக்கு ஏத்த மாதிரி தானா வளர்ந்துக்கும். நல்லவேளை, அப்பன் மூளை அதுக்கு வரல.”

மறுநாள் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் அதைக் காட்டினான். முதலாளி, “முதல்ல நீ ஆடிப் பாரும்மா” என்று வரவேற்பறைப் பெண்ணை உட்கார வைத்தார்.

“அழுதுடாதீங்க மேடம்” என்றான் மருமகன்.

கம்ப்யூட்டர் ஆட்டக்காரனின் பீரங்கி வண்டி நகரவே இல்லை. நட்டநடுவே நின்றுகொண்டு, எதிரி தானாக வந்து விழும் என்று காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் சுக்குநூறானது. அடுத்து உட்கார்ந்த முதலாளி, போனில் பேசியபடியே ஒற்றைக் கையால் அதை வீழ்த்தினார்.

“எல்லாரையும் மிரட்டும்னு சொன்னீங்களே தம்பி?”

“மிரட்டும் சார். என் மாமியாரை.”

வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தான். மனைவி தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்ட மாமியாரின் முகம் வெளுத்துப் போனது.

“மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. நான் ஜெயிச்சா உங்க மனசு ஒடஞ்சிடுமேன்னு, வேணும்னே குண்டுக்கு முன்னால போய் நின்னேன்.”

“அதான், சும்மா நின்னாலே ஜெயிச்சிடலாம்னு கத்துக்கிட்டிருக்கு!” தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். “விட்டுக் குடுக்கிறதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியல, நானெல்லாம் அறிவை வளர்க்கக் கெளம்பிட்டேன்...”

சிரிப்பு பாதியில் நின்றது. மெல்ல மனைவி பக்கம் திரும்பினான்.

“ஏய், கல்யாணமானதிலேர்ந்து செஸ்ல நீ ஒரு தடவைகூட என்னை ஜெயிச்சதில்லையே...?”

“கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”