பத்தாவது பங்கு

அந்த சர்வர் ஓடியதே வாடகை மூளைகளில்தான். ஒவ்வொரு மூளையிலும் பத்தில் ஒன்பது பங்கு கம்பெனிக்கு, மீதி ஒன்று அவரவருக்கு. அந்தப் பங்கைக் கூட்டிக் குறைத்து டியூன் செய்பவன் மருதப்பன்.

காலையில் மேனேஜர் ஜெரோம் வந்தார். "கிளையன்ட்டுக்கு பக்கமே திறக்க மாட்டேங்குது மருது. அந்த ஒண்ணையும் எடுத்துடுங்க. சாயங்காலம் குறைச்சுக்கலாம்."

திரையில் ஐந்நூறு மூளைகள், வெறும் எண்களாக. மருதப்பன் ஒன்பதைப் பத்தாக்கினான். சர்வர் பறந்தது.

சாயங்காலம் பத்தை ஒன்பதாக்கப் போனான். சர்வர் மறுத்தது. குறைக்க வேண்டுமானால் மூளைக்கு உரியவரே வாய் திறந்து கேட்க வேண்டும். குறைக்கச் சொல்லி வீட்டு ஆட்கள் போன் போட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று போன மாதம் அந்த விதியைப் போட்டவனே அவன்தான்.

வீட்டுக்கு ஓடினான்.

ஐந்நூறில் ஒருத்தியான அவன் மனைவி சுகந்தி அடுப்படியில் அசையாமல் நின்றிருந்தாள். கல்லில் தோசை கரிந்து புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தான்.

"சுகந்தி, 'குறைங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா."

அவள் முகம் மலர்ந்தது.

"உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது," என்றாள். "தயவுசெய்து காத்திருக்கவும்."