உள்ளேயிருந்து சொல்பவர்

டிஷ்ஷின் கடைசி நட் மட்டும் கழல மறுத்தது. மற்ற மூன்றும் கையாலேயே வந்துவிட்டன.

நான் உட்கார்ந்திருந்தது ஒரு பழைய சினிமா கேரவனின் கூரையில். அதை மயிலாப்பூரில் தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார் சங்கரன் மாமா. ஓய்வு பெற்றதும் வாங்கி, இரண்டு வருடமாக மாமியும் அவருமாக ஊர் ஊராகப் போய் வருகிறார்கள்.

டிஷ் பிடிவாதம் பிடித்த சாதனம். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரே ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். விரல் அகலம் விலகினாலும் படம் போய்விடும். வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். வண்டிக் கூரையில் அப்படியில்லை, நிற்கும் இடத்திலெல்லாம் மறுபடி திருப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே திருப்ப, ஒருவர் உள்ளே டிவி முன் உட்கார்ந்து கத்த. சிக்னல் காட்டும் மீட்டர் இருந்தாலும் கடைசிச் சொல் உள்ளே இருப்பவருடையதுதான்.

நாளைக் காலை இருவரும் ஐதராபாத் புறப்படுகிறார்கள், மகள் வீட்டுக்கு. டிஷ் இருந்தால் வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டாராம். ஏனென்று மாமா சொல்லவில்லை.

டிஷ்ஷுக்குப் பதில் ஆன்டெனா போட்டால் பெரிய ஊர்களில் தூர்தர்ஷன் மட்டும் வரும், நெடுஞ்சாலையில் ஒன்றும் வராது என்று போனிலேயே பொறுமையாக விளக்கினேன். பரவாயில்லை என்றார். ஆனால் திருப்பவே தேவையில்லாத வட்ட ஆன்டெனாதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

வட்டத்தைப் பொருத்தி, இறங்கிப் போய்ப் பார்த்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எல்லாத் திசையிலும் காது வைப்பது எதையும் ஒழுங்காகக் கேட்காது. தெருவின் இரு பக்கமும் நான்கு மாடிக் கட்டடங்கள் வேறு.

பையில் மீன்முள் ஆன்டெனா ஒன்று இருந்தது. அது ஒரே பக்கம் பார்க்கும், ஆனால் நன்றாகப் பார்க்கும். மாமா லஸ் கடைத்தெருப் பக்கம் கிளாம்ப் வாங்கப் போயிருந்தார். வந்ததும் நல்ல படத்தைக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மறுபடி ஏறி, வட்டத்தை எடுத்துவிட்டு மீன்முள்ளைப் பொருத்தினேன். கூரையில் உட்கார்ந்தபடியே, டிவியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்படி மாமிக்குக் குரல் கொடுத்தேன்.

"திருப்புங்கோ" என்று வண்டிக்குள்ளேயிருந்து பதில் வந்தது.

வடக்கே, தூர்தர்ஷன் டவர் இருக்கும் பக்கமாகத் திருப்பினேன்.

"இன்னும் துளி வலது பக்கம். போறும். வந்துடுத்து."

இருபது வருடத் தொழிலில் இப்படிச் சொல்பவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் தாமதமாகத்தான் சொல்வார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நம் கை அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். இந்தக் குரல் என் கையோடு கூடவே வந்தது.

நட்டை இறுக்கினேன். கேபிளைக் கட்டலாம் என்று தேடியபோது அதன் நுனி என் மடியில் கிடந்தது.

வட்டத்திலிருந்து கழற்றியவன், மீன்முள்ளில் மாட்டவே இல்லை.

எதற்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்புகிறவன் நான். வேறு கேபிள் ஏதாவது போகிறதா என்று கூரை முழுக்கத் தேடினேன். இல்லை.

வீட்டு கேட் திறந்தது. மாமி காபியோடு வெளியே வந்தார். முந்தானையில் மாவு.

"யாரோட பேசிண்டிருக்கேள், பாய்?"

அதே குரல்.

பதில் சொல்வதற்குள் மாமாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கூரையில் மீன்முள்ளைப் பார்த்தார். திட்டவில்லை. திசையை யார் சொன்னது என்று மட்டும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

மாமி டம்ளரை மதில்மேல் வைத்தார். போன பங்குனியில் கும்பகோணத்தில் தான் கோயிலுக்குப் போயிருந்ததையும், திரும்பி வந்தால் வண்டிக்குள் கேட்ட தன் குரலோடு மாமா கூரையிலிருந்து பேசிக்கொண்டிருந்ததையும் என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் மூன்று ஊர்களில் அப்படியே நடந்ததாம். மாமாவிடம் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வது போலிருந்தது.

"ரெண்டு வருஷமா ஒரு தடவையாவது நான் சரியாச் சொல்லியிருக்கேனா? ஊருக்கு ஊர் திட்டு வாங்கினேன். அது ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லை."

ஐந்து நிமிடத்தில் மீன்முள்ளை எடுத்துவிட்டு வட்டத்தையே போடுகிறேன் என்றேன். மாமி தலையாட்டினார். ஸ்பேனரை எடுத்தேன்.

மாமா வண்டிக்குள் ஏறினார். கேபிளை மாட்டச் சொன்னார், ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமாம்.

மாட்டினேன். கூரையின் காற்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். படம் துளி நடுங்கவில்லை. செய்தி வாசிக்கும் பெண்ணின் புடவைக் கரையில் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. என் கையால் ஒரு நூல்கூட மேலும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

மாமா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும், பாய். இதுவே இருக்கட்டும்" என்றார், திரும்பாமல்.

நான் ஏணியில் இறங்கினேன். மாமி ஏணியடியில் என் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றிருந்தார்.

வண்டிக்குள் மாமியின் குரல் ஏதோ சொன்னது. மாமா சிரித்தார்.