மணிக்கட்டில் ஒரு பிடி

எக்ஸ்ரே அறைக்குக் கடைசியாக வந்தவர் அவர். விசாரணை என்று கூட்டிப்போய்க் கையை முறித்த போலீஸ்காரர்கள் மேல் வழக்குப் போட்டு, கோர்ட்டுக்கு நடந்தே ஓய்ந்துபோனவர். இப்போதும் முறிவின் தடயம் காட்டாவிட்டால் நாளை மனு தள்ளுபடி.

"ஜட்ஜுங்க மாறிட்டே இருக்காங்க சிஸ்டர். நான்தான் அதே சட்டையில போய் நிக்கிறேன்" என்றபடி மணிக்கட்டைப் பலகையில் வைத்தார்.

"பேசாதீங்கண்ணே, படம் ஆடிடும்."

திரையில் படம் வந்தது. எலும்பு சுத்தமாகக் கூடியிருந்தது. அதைச் சுற்றி இன்னொரு கையின் விரல் எலும்புகள் இறுகப் பிடித்திருந்தன. ஒரு விரலில் கல் மோதிரம்.

பலகையில் அவர் கை மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, இது..."

எட்டிப் பார்த்தவருக்கு ஆச்சரியமே இல்லை. "அவன்தான். இன்னும் விடல. கண்ணைக் கட்டிட்டாங்க, முகம் தெரியாது. அந்த மோதிரம் மட்டும் குத்திக்கிட்டே இருக்கும். அதை வச்சே ஆளைப் பிடிச்சிடலாம். தெளிவா இன்னொண்ணு எடுங்க."

எடுத்தாள். பிடி அப்படியே இருந்தது, மோதிரத்தைக் காணோம். பதறிப்போய் முதல் படத்தைத் திறந்தாள். அதிலும் விரல் வெறுமையாக இருந்தது.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கழட்டிட்டானா?" என்றார், திரையைப் பார்க்காமலே.