முடிவு தெரிந்தவர்

"கொலைகாரன் யாருங்க?"

சிஹாரு போட்ட சத்தத்தில், ஜப்பானின் ஒனோமிச்சித் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவின் புத்தகக் காபிக் கடையில் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். ஊர் சுற்ற வந்த ஒசாகாக்காரி. மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

கடைக்காரி மிட்சுயோ ஓடி வந்தாள். "என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? காலையிலேர்ந்து படிக்கறேன். சத்திரத்துக்காரரைக் கொன்னது யாருன்னு தெரியப்போற நேரத்துல கடைசிப் பக்கத்தைக் காணோம்! பக்கத்துப் புத்தகத்துலயும் இல்லை. இங்க இருக்கற துப்பறியும் கதை ஒண்ணுலகூட முடிவே இல்லை!"

"ஜன்னலோரம் இருக்காரே, குரோகாவா ஐயா. அவர் எல்லாத்தையும் படிச்சவர். அவரைக் கேளுங்களேன். இன்னொரு காபி கொண்டு வரட்டுமா?"

"ஓஹோ, இதுதான் வியாபாரமா? முடிவு தெரியணும்னா இன்னொரு காபியா?" சிஹாரு போனை எடுத்தாள். "இப்பவே எழுதறேன். ஊரே படிக்கட்டும். ஈ, காக்கா வராது உங்க கடைக்கு!"

மிட்சுயோவின் முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே பாதி நாற்காலி காலிதான்.

ஜன்னலோரத்தில் ஒரு இருமல்.

"இப்படி வாம்மா. கொன்னது பூனை."

"எது?"

"மாடி ஜன்னல்ல ஒண்ணு தூங்கிட்டிருந்துச்சாம், யார் கண்ணுலயும் படாம. புரண்டு படுத்துச்சு. பூந்தொட்டி நேரா சத்திரத்துக்காரர் தலையில!"

"அப்போ சமையல்காரன் எதுக்கு ஓடினான்?"

"அவனா? பொண்டாட்டிக்குப் பயந்து."

கடையே சிரித்தது. பெரியவர் விடவில்லை. பூனை மாதிரி புரண்டு காட்டினார், தொட்டி மாதிரி விழுந்து காட்டினார். சிஹாருவின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டாவது காபியையும் குடித்துவிட்டிருந்தாள்.

கிளம்பும்போது வாசலில் மிட்சுயோ அவள் கையில் மடித்த காகிதம் ஒன்றைத் திணித்தாள்.

"கடைசிப் பக்கம். ரயில்ல படிங்க. எல்லாத்தையும் கிழிச்சு வச்சிருக்கறது நான்தான்."

"நீங்களேவா! ஏங்க?"

"சம்சாரம் போனதுலேர்ந்து ஐயா தினமும் இங்கதான். வந்ததும் 'காபி'ன்னு ஒரு வார்த்தை. அதோட சரி. நான் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். அதான் அவர் படிச்சு முடிச்சதுல எல்லாம் முடிவைக் கிழிச்சுட்டேன். வர்றவங்க கேட்டா சொல்லித்தானே ஆகணும்? அவருக்குத் தெரிய வேண்டாம்."

 சிஹாரு போனைப் பைக்குள் போட்டாள்.

ஸ்டேஷனுக்கு வழி காட்டுவதாகச் சொல்லி, படிக்கட்டில் பெரியவரே காத்திருந்தார். கடை கண்ணுக்கு மறைந்ததும் நின்றார்.

"கடையைப் பத்தித் தப்பா எழுதிடாதேம்மா. நல்ல பொண்ணு அவ. பாவம், எவனோ கிழிஞ்ச புத்தகமா பார்த்து அவ தலையில கட்டிட்டான். வர்றவங்க எல்லாம் சண்டை போட்டுட்டுப் போனா கடை என்ன ஆகறது? அதான் நான் எதையாவது அவிழ்த்து விடறேன்."

"அப்போ... அந்தப் பூனை?"

"நான் எங்கேம்மா படிச்சேன்? எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு எத்தனையோ காலமாச்சு. சும்மா திறந்து வச்சுக்கிட்டு கப்பலைப் பார்ப்பேன்." பெரியவர் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதே!"