பவுடர் பூசிய எஞ்சின்

இருதயராஜின் வேனில் ஆயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இரண்டு மெக்கானிக்குகள் அடிப்பக்கத்தைக் கழற்றி மாட்டியும் நிற்கவில்லை. "வித்துத் தொலைச்சிடலாம்" என்று அவன் சலித்துக்கொண்ட காலையில், மனைவி செசிலி எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக் காயவைத்தாள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் முழுக்கத் தூவினாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

ஐந்து நிமிடத்தில் அந்த வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. அது புறப்பட்ட இடம் உச்சியில், ஆயில் பிரஷர் பார்க்க எஞ்சினில் திருகியிருந்த ஒரு சின்ன ஸ்விட்சின் அடியில் இருந்தது.

"கீழ சொட்டுனா கீழயேதான் ஒழுகணுமா?" என்றாள்.

அவன் கடைக்குப் போய்ப் புது ஸ்விட்ச் வாங்கி வந்தான். பழையதைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தவன், என்ன நினைத்தானோ, அவளிடம் நீட்டினான்.

செசிலி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் திருகணும்?"