படிக்கட்டில் யாரும் இல்லை

கேதெவான் கதவில் காதை வைத்துக் கேட்டாள். படிக்கட்டில் சத்தம் இல்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நடமாடினால், அவர் இறங்கிப் போகும்வரை உள்ளேயே நின்றுகொள்வார்கள். ஸ்டாக்ஹோமில் அது மரியாதை. வணக்கம் சொல்லும் சிரமத்தை ஒருவருக்கொருவர் கொடுக்காமல் இருப்பது.

அவளுக்கு அது பயம்.

கதவின் வெளிப்பக்கம் பித்தளைத் தகட்டில் இருந்த பெயர் பெரித் ஆல்ம். வீட்டின் உரிமையாளர் அவள். குளிர்காலத்துக்கு ஸ்பெயின் போய்விட்டாள். குடியிருப்புச் சங்கத்திடம் அனுமதி வாங்காமல் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாள். சங்கத்துக்குத் தெரிந்தால் பெரித்துக்கு ஓர் எச்சரிக்கை. கேதெவானுக்கும் அவள் கணவன் ஸாஸாவுக்கும் தெரு.

சாவியைக் கொடுத்த அன்றே பெரித் பாடம் சொல்லிக்கொடுத்தாள். “யாராவது கேட்டா, பெரித்தோட சொந்தக்காரி, கொஞ்ச நாள் தங்கியிருக்கேன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. சிரிக்கவும் செய்யாத. சிரிச்சா வெளியூர்னு கண்டுபிடிச்சிடுவாங்க.”

ஜார்ஜியாவிலிருந்து வந்த பிறகு இது அவர்களுக்கு நான்காவது வீடு. ஸாஸாவுக்கு வேலை இருந்தது, நல்ல சம்பளம் இருந்தது. முறையான வாடகை வீட்டுக்கு மட்டும் வரிசை. அந்த வரிசையில் நின்றே தலை நரைத்தவர்கள் அவன் அலுவலகத்தில் இருந்தார்கள்.

முந்தைய வீட்டில், எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் காப்பிக்குக் கூப்பிட்டாள். இலவங்கப்பட்டை பன் வைத்தாள். அன்பாக விசாரித்தாள். அங்கேயும் அனுமதியில்லாமல்தான் இருக்கிறோம் என்ற உண்மையைக் கேதெவான் சொல்லிவிட்டாள். அந்த வாரமே பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. நண்பன் வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டு ஸாஸா கேட்டான்: “பன் நல்லா இருந்துதா? கொஞ்சம் விலை ஜாஸ்திதான்.”

அதற்குப் பிறகு அவள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

இந்த வீட்டின் எதிர்க்கதவில் நோர்டின் என்று பெயர். “அவன்கிட்ட மட்டும் ஜாக்கிரதை. சங்கத்துல செயலாளரா இருந்தவன்” என்று பெரித் சொல்லியிருந்தாள். நோர்டினைக் கேதெவான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவைத் திறக்கும்போதெல்லாம், எதிர்க்கதவின் துவாரக் கண்ணாடியில் தெரியும் வெளிச்சப் புள்ளி சட்டென்று இருண்டுவிடும். ஒரு கண் அங்கே வந்து நிற்கும்.

இப்போது போயே ஆக வேண்டும். கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறையில் இது அவளுடைய முறை. பெரித்தின் பெயரில் பிடித்துவைத்திருந்தாள். தாமதித்தால் வேறு யாராவது இயந்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த யாரோவிடம் பேச வேண்டி வரும்.

மதியம் கழிவதற்குள் டிசம்பர் இருட்டு வந்துவிட்டது. ஜன்னலில் பெரித்தின் கிறிஸ்துமஸ் காகித நட்சத்திர விளக்கு எரிந்தது. அதைத் தொங்கவிடாத வீட்டைத்தான் எல்லோரும் கவனிப்பார்களாம்.

மறுபடி காதை வைத்தாள். ஒரு மூச்சுக்கூடக் கேட்கவில்லை. துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அதே நொடியில் எதிர்க்கதவும் திறந்தது.

அந்தப் பக்கமும் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் வந்த நிசப்தம் அது.

படிக்கட்டு விளக்கு தானாக எரிந்தது. எதிரில் நின்றவன் சுருட்டை முடி இளைஞன். கனத்த கோட்டு, தொப்பி, கழுத்தில் கம்பளித் துண்டு. கால்களில் மட்டும் வெறும் காலுறை. ஷூக்களைக் கையில் பிடித்திருந்தான், படியில் சத்தம் எழாமல் இருக்க.

அவன் முகம் வெளுத்தது.

“நான் நோர்டினோட சொந்தக்காரன்ங்க” என்றான், ஒப்பிப்பதுபோல. “கொஞ்ச நாள் தங்கியிருக்கேன்.”

அதற்கு மேல் பேசாதே என்று அவனுக்கும் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். அவனால் முடியவில்லை.

“நீங்க கதவுக்குப் பின்னால நின்னு கேக்கறது எனக்குத் தெரியும், மேடம். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு ராத்திரியில குழாயக்கூடத் திறக்கறதில்ல. சங்கத்துல மட்டும் சொல்லிடாதீங்க. என் மனைவி அடுத்த வாரம்தான் வந்து சேர்றா.”

அந்த ஊரில் யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. புதிதாக வந்தவர்கள்தான் கூப்பிடுவார்கள். கேதெவானும் முதல் வருடம் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

‘நானும்தான்’ என்று ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தது.

கீழே ஏதோ ஒரு வீட்டில் பன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இலவங்கப்பட்டை வாசனை படியேறி வந்தது.

கேதெவான் சிரிக்கவில்லை.

“பாக்கலாம்” என்றாள்.

அவன் இரண்டு முறை தலையைத் தாழ்த்தினான். ஷூவைப் போட்டுக்கொள்ளவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே இறங்கி ஓடினான். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது.

அவள் துணிப் பையை இடுப்புக்கு மாற்றினாள். அதன் பின்னால் அத்தனை நேரமும் மறைத்துப் பிடித்திருந்த தன் ஷூக்களோடு, காலுறைக் காலால் முதல் படியைத் தொட்டு இறங்கினாள்.