பாதி நிரப்பிய ஃபாரம்

"பாதி நிரப்பின ஃபாரத்தை வெச்சு நாக்கா வழிக்கிறது?" என்று மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிட்டார்.

ஆய்வு வேலைக்கு வந்து நாலு நாள்தான். முன்னால் இருந்தவள் அரைகுறையாக விட்டதற்கு இவள் பாட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடுப்போடுதான் அந்த ஃபாரத்துக்குரிய லாரி டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். டிரைவரின் மனைவி திறந்தாள்.

"கிளினிக்கிலேருந்து வர்றேன். நோயாளிகளோட கெட்ட பழக்கங்களைப் பத்தி ஆறு மாசம் முன்னாடி கேட்டோம். இப்ப மறுபடி கேட்கணும். அவர் இல்லையா?"

"இல்லை."

"நீங்களே சொல்லுங்க. சிகரெட்?"

"இப்ப இல்லை."

"குடி?"

"அதுவும் இல்லை."

"பரவாயில்லையே, எங்க அறிவுரை வேலை செஞ்சிருக்கு." புது ஃபாரத்தில் இரண்டு டிக் அடித்தாள். "ஆனா போன தடவை பதினெட்டுக் கேள்வியோட எழுந்து போயிட்டாரே, அப்படி என்ன தலை போற அவசரம்?"

மனைவி அவள் கையிலிருந்த அந்தப் பழைய ஃபாரத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். பதினெட்டாவது டிக்கிலிருந்து பேனா கோணலாக இழுபட்டுக் காகிதத்தின் ஓரம் வரை ஓடியிருந்தது.

"அவசரம்னுதான் வந்தோம். முப்பது கேள்வியையும் முடிச்சாத்தான் டாக்டரைப் பார்க்க விடுவோம்னு உட்கார வெச்சீங்க. அவர் எழுந்து போகலைம்மா. உங்க பெஞ்சுலயே உயிர் போச்சு."

ஃபாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவர் பதில் சொல்லாத அந்தப் பத்தொன்பதாவது கேள்வியைப் படி. சத்தமாப் படி."

ஆய்வுக்காரி படித்தாள்.

"இன்று... எந்தத் தொந்தரவுக்காக மருத்துவரைப் பார்க்க வந்தீர்கள்?"